மூன்றாம் பத்தியில் சாப்பாடு

பள்ளிக்கூடத்தில் காலையும் மதியமும் சோறு போடுகிறது அரசு. அதை ஊருக்குச் சொல்லும் செய்தி வெளியீட்டில் மட்டும் பிள்ளைக்கு ஏன் கடைசிப் பந்தி?

காலை எட்டேகால். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் வராந்தாவில் இரண்டு வரிசையாகப் பிள்ளைகள். எவர்சில்வர் தட்டில் ஆவி பறக்கும் கிச்சடி, ஓரமாகச் சாம்பார். வாசலில் வெள்ளைக் கார் வந்து நிற்கிறது. ஆட்சியர் ஆய்வு. செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவர் ஒரு இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்காருகிறார். மக்கள் தொடர்பு அலுவலகத்தின் கேமராக்காரர், "இந்தப் பக்கம் பாரும்மா" என்கிறார். தட்டைப் பார்ப்பதா கேமராவைப் பார்ப்பதா என்று பிள்ளைக்குக் குழப்பம். ஐந்தரை மணிக்கே வந்து அடுப்பைப் பற்றவைத்த மகளிர் குழு அக்காக்கள் சமையலறை வாசலில் நிற்கிறார்கள். அவர்கள் படத்துக்குள் வரவில்லை. "சாப்பாடு எப்படி இருக்கு?" என்கிறார் ஆட்சியர். "சாம்பார் இன்னும் கொஞ்சம் வேணும்" என்கிறது பிள்ளை. எல்லாரும் சிரிக்கிறார்கள்.

மாலை மாவட்டச் செய்தியாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பி.டி.எஃப். வந்து விழுகிறது. 'செய்தி வெளியீடு' என்று தலைப்பு, கீழே எண், தேதி. முதல் வாக்கியம் மாண்புமிகுவில் தொடங்கி ஒன்பதாவது வரியில் மூச்சு வாங்குகிறது. இரண்டாம் பத்தியில் உடன் இருந்த அதிகாரிகள். சாப்பாடு மூன்றாம் பத்தியில் வருகிறது. சாம்பார் வரவே இல்லை.

இப்படி நடப்பது ஒரு மாவட்டத்தில் மட்டுமல்ல. எந்த மாவட்டத்து நிருபரைக் கேட்டாலும் ஊரையும் அதிகாரியின் பெயரையும் மாற்றி இதே காட்சியைச் சொல்வார்.

டெஸ்க்கில் நடப்பது

அந்த பி.டி.எஃப். நாளிதழ் அலுவலகத்துக்குப் போனதும் என்ன ஆகிறது? மாவட்டப் பக்கத்துக்குப் பொறுப்பான உதவி ஆசிரியர் முன்னால் அன்றைக்கு வந்த வெளியீடுகள் வரிசையில் நிற்கின்றன. குறைதீர் கூட்டம், நெல் கொள்முதல், வாக்காளர் முகாம், பட்டா வழங்கல். அவருக்கு இருப்பது அரைப் பக்கம், ஒரு மணி நேரம். ஸ்கேன் செய்த பி.டி.எஃப். என்றால் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். ஆகவே படத்தை எடுத்துக்கொண்டு, 'காலை உணவுத் திட்டம்: ஆட்சியர் ஆய்வு' என்று நாலு வரி போட்டு முடித்துவிடுகிறார். படிப்பவருக்கு அதிலிருந்து கிடைக்கும் ஒரே தகவல், ஆட்சியர் நன்றாக இருக்கிறார் என்பதுதான்.

எழுதியவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மக்கள் தொடர்பு அலுவலர் எழுதும் வரைவு மேலே போய்த் திருத்தப்பட்டுத்தான் வெளியே வருகிறது. திருத்தும் பேனா எதைத் தேடும் என்பது அவருக்குத் தெரியும். அமைச்சரின் பதவிப் பெயரில் ஒரு சொல் விட்டுப்போனால் விளக்கம் கேட்பார்கள். பள்ளியில் எத்தனை மணிக்குச் சாப்பாடு என்பது விட்டுப்போனால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். எந்தத் தவறுக்குத் தண்டனை உண்டோ அந்தத் தவறு நேராமல் பார்த்துக்கொள்கிறார். நாமும் அந்த நாற்காலியில் இருந்தால் அதையேதான் செய்வோம்.

பெயர்ச் சிக்கலும் உண்டு. மதியச் சாப்பாட்டுக்கு மாநிலத்தில் எம்.ஜி.ஆர். பெயர். அதே சாப்பாட்டுக்கு மத்திய நிதி வரும் திட்டத்தின் பெயர் 2021 முதல் 'பி.எம். போஷன்'. காலைச் சாப்பாடு 'முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம்'. ஒரே வராந்தாவில் ஒரே தட்டில் விழும் இரண்டு வேளைச் சோற்றுக்கு இத்தனை பெயர். அத்தனையையும் முதல் வாக்கியத்தில் அடக்கப் பார்த்தால் பிள்ளைக்கு இடம் இருக்காது.

--- பெட்டிச் செய்தி ---
காலை உணவு: நாலு ஆண்டு, நாலு படி

2022 செப்டம்பர் 15: மதுரையில் தொடக்கம். 1,545 அரசுப் பள்ளிகள், சுமார் 1.14 லட்சம் பிள்ளைகள், 33.56 கோடி ரூபாய்.
2023 ஆகஸ்ட் 25: திருக்குவளையில் விரிவாக்கம். 31,008 பள்ளிகள்.
2024 ஜூலை 15: திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரி. கிராமப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும்.
2025 ஆகஸ்ட் 26: சென்னை மயிலாப்பூர். நகர்ப்புற அரசு உதவி பெறும் பள்ளிகள் 2,429 சேர்ந்தன. மொத்தம் 20.59 லட்சம் பிள்ளைகள்.

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை, பள்ளி நடக்கும் நாளெல்லாம். சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்கள். அவர்களின் பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது தேர்வு விதிகளில் ஒன்று.
---

ஊரைக் கூட்டிய காலம்

சாப்பாட்டைப் பற்றி ஊருக்குச் சொல்வது ஒரு காலத்தில் சடங்காக இருக்கவில்லை. சொல்லாவிட்டால் உலை வைக்க முடியாது. 1920இல் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மிகாமல் செலவிட்டு மதிய உணவு போடத் தீர்மானித்தது. மாநகராட்சிப் பணம், மாநகராட்சித் தீர்மானம், அவ்வளவுதான். 1956இல் காமராசர் எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தின் கணக்கு வேறு. செலவில் பத்தில் ஆறு பங்கு அரசு தரும், நாலு பங்கை ஊர் தர வேண்டும். எனவே பொதுக்கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு மாவட்டம் மாவட்டமாகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். நெல் கொடுத்தவர், விறகு கொடுத்தவர், பெஞ்சு செய்து கொடுத்தவர் என்று மேடையில் பெயர் வாசித்தார்கள். அதுவும் பெயர்ப் பட்டியல்தான். ஆனால் கொடுத்தவர்களின் பட்டியல்.

1982 ஜூலை 1இல் சத்துணவைத் தொடங்கிய எம்.ஜி.ஆர். இன்னொரு வழியைப் பிடித்தார். விமர்சனம் கடுமையாக இருந்தது. கஜானா தாங்காது, ஓட்டுக்கான ஜாலம் என்றார்கள். தானும் தாயாரும் பட்டினி கிடந்த நாட்களைச் சொல்லித் திட்டத்தை நியாயப்படுத்தினார். புள்ளிவிவரம் தேவைப்படவில்லை. 1989இல் கருணாநிதி முட்டையைச் சேர்த்தபோது விளம்பரமே வேண்டியிருக்கவில்லை. தட்டில் முட்டை வந்த செய்தியைப் பிள்ளைகளே வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

காலி இடத்தில் முளைத்த தலைப்பு

2023 ஆகஸ்ட் 31. திட்டம் மாநிலம் முழுக்க விரிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒரு தமிழ் நாளிதழின் பதிப்பு, காலையும் மதியமும் பிள்ளைகளுக்கு இரட்டைச் சாப்பாடு போடுவதால் பள்ளிக் கழிப்பறைகள் நிரம்பி வழிகின்றன என்ற பொருளில் முதல் பக்கத்தில் தலைப்பு வைத்தது. முதலமைச்சர் கண்டித்தார், மற்ற கட்சிகளும் கண்டித்தன. அன்றைக்கு முழுக்க அதுவே பேச்சு.

அந்தத் தலைப்பின் குரூரத்தை விளக்க வேண்டியதில்லை. எனக்கு வேறொரு கேள்வி. அந்த ஒரு வாரத்தில் வந்த நூற்றுக்கணக்கான செய்தி வெளியீடுகளில், ஏற்கெனவே மதியம் சாப்பாடு இருக்கும்போது காலையிலும் எதற்கு என்று ஒரு சராசரி ஆளுக்குப் புரியும்படி எத்தனை சொல்லின? நாலு மணிக்கு எழுந்து பூப்பறிக்கவோ கட்டட வேலைக்கோ போகும் தாய் வீட்டில் அடுப்பு பற்றவைப்பதில்லை. முந்தைய இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை மறுநாள் மதியம் வரை, கிட்டத்தட்ட பதினாறு மணி நேரம், வெறும் வயிற்றோடு கரும்பலகையைப் பார்க்கிறது. இந்த இரண்டு வாக்கியம் போதும். அவை இல்லாத இடத்தில்தான் 'இரட்டைச் சாப்பாடு' என்ற சொல்லுக்கு வாசல் திறந்தது.

கையில் சான்று இல்லாமலும் இல்லை. முதல் கட்டத்தை ஆராய்ந்த மாநிலத் திட்டக் குழு, 1,543 பள்ளிகளில் 1,319இல் பிள்ளைகளின் வருகை கூடியதாகச் சொன்னது. சென்னையிலிருந்து வந்த அறிக்கைகளில் இந்த எண் இருந்தது. ஆனால் ஒரு வட்டாரத்து வாசகருக்கு 1,319 என்ன சொல்லும்? அவருக்கு வேண்டியது தன் ஊர்ப் பள்ளி அதில் ஒன்றா என்பதுதான். அந்தக் கணக்கு அரசிடம் இருக்கிறது. சமையல் எத்தனை மணிக்குத் தொடங்கியது, எப்போது முடிந்தது, எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று சமைக்கும் பெண்கள் தினமும் செல்போன் செயலியில் பதிகிறார்கள். அந்தத் தகவல் வராந்தாவிலிருந்து தலைநகருக்குப் போய்விடுகிறது. பக்கத்துத் தெருவில் இருக்கும் நிருபருக்கு வருவதில்லை.

உட்கார்ந்து சாப்பிட்ட படம்

ஆட்சியர் பிள்ளைகளோடு உட்காரும் படத்தைக் கிண்டல் செய்தேன். அதே படம் வேலை செய்த இடமும் உண்டு.

2023 செப்டம்பரில் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் சமைக்கிறார் என்பதற்காகச் சில பெற்றோர் பிள்ளைகளைக் காலை உணவு சாப்பிட விடவில்லை. ஆட்சியரே அந்தப் பள்ளிக்குப் போனார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும் என்று எச்சரித்தார். அடுத்த சில நாட்களில் தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியிலும் அதே மாதிரிப் புகார். கனிமொழி எம்.பி., அமைச்சர் கீதா ஜீவன், ஆட்சியர் மூவரும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்தப் பெண் சமைத்ததைச் சாப்பிட்டார்கள். அந்தப் படம் எல்லா ஊடகத்திலும் வந்தது. 'யார் சமைத்தாலும் சாப்பிடுவோம்' என்று அரசு சொல்வதைவிட, ஒருவர் தட்டில் கைவைக்கும் படத்துக்கு அங்கே பலம் அதிகம்.

ஆனால் செய்தி படத்தோடு நின்றுவிட்டது. மறுநாள் எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள்? மறு மாதம்? அந்தப் பெண் இன்னும் அங்கேதான் சமைக்கிறாரா? அதையெல்லாம் சொல்லத் தனியாக ஒரு வெளியீடு வருவதில்லை. கேமராவோடு வந்த கார்களின் புழுதி அடங்கிய பிறகு அந்தச் சமையலறையில் அவர் தனியாகத்தான் நின்றிருப்பார்.

இன்னொரு சங்கடம், பிள்ளைகளின் முகம். மதியச் சாப்பாடு வந்த புதிதில் 'சத்துணவுப் பிள்ளை' என்று ஏளனம் பேசிய ஊர்கள் உண்டு. தட்டோடு நிற்கும் ஒற்றைப் பிள்ளையின் நெருக்கப் படம், தலைப்பில் 'ஏழை' என்ற சொல். இந்த இரண்டும் சேர்ந்தால் அந்தப் பிள்ளை மறுநாள் தட்டை எடுக்கக் கூசும். வகுப்பு முழுக்க உட்கார்ந்து சாப்பிடும் படம் அந்தக் கூச்சத்தைத் தராது. எல்லாருக்கும் உண்டு என்பதுதானே இந்தத் திட்டத்தின் அழகு.

--- பெட்டிச் செய்தி ---
அமெரிக்காவில் விதியே உண்டு

1946இல் தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டம் கொண்டுவந்த நாடு அமெரிக்கா. அங்கே வருமானம் பார்த்து இலவசமாகவும் சலுகை விலையிலும் சாப்பாடு தரும் பள்ளி நிர்வாகங்கள், கல்வி ஆண்டுத் தொடக்கத்தில் பொது அறிவிப்பு ஒன்றைக் கட்டாயம் வெளியிட வேண்டும். யாருக்குத் தகுதி, வருமான வரம்பு என்ன, எப்படி விண்ணப்பிப்பது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அனுப்ப வேண்டிய இடங்களையும் விதியே சொல்கிறது: உள்ளூர்ப் பத்திரிகைகள், உள்ளூர் வேலையில்லாதோர் அலுவலகம், பெரிய அளவில் ஆட்குறைப்பு செய்யப்போகும் நிறுவனங்கள். நேற்று வேலை போனவர் வீட்டுப் பிள்ளைக்கு இன்றைக்குச் சாப்பாடு தேவைப்படும் என்று யோசித்திருக்கிறார்கள்.

அதே நாட்டில் 1981இல் செலவைக் குறைக்க வேளாண்மைத் துறை ஒரு வரைவு விதி போட்டது. தொடுகறி வகைகளைக் காய்கறிக் கணக்கில் சேர்க்க அதில் இடம் இருந்தது. 'கெட்சப்பும் காய்கறியாம்' என்று ஊரே சிரித்தது. சில வாரங்களில் வரைவு வாபஸ்.
---

கெட்ட நாளில் என்ன சொல்வது?

ஜூலை 16 என்ற தேதி பள்ளிச் சாப்பாட்டின் கதையில் இரண்டு முறை கறுப்பானது. 2004இல் அதே நாளில் கும்பகோணத்தில் பள்ளியின் சமையல்கூடத்திலிருந்து கூரைக்குப் பரவிய தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். 2013இல் பிகார் மாநிலம் சாப்ரா அருகே, பூச்சிக்கொல்லி கலந்த எண்ணெயில் சமைத்த மதிய உணவைச் சாப்பிட்டு 23 குழந்தைகள் இறந்தார்கள். பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் ஆசிரியர் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்ற விதி அதன் பிறகு அழுத்தமாக வலியுறுத்தப்பட்டது.

பெரிய துயரங்களில் உண்மையை மறைக்க முடியாது. சிறிய சம்பவங்களில்தான் கை நடுங்குகிறது. எங்காவது பிள்ளைகள் வாந்தி எடுத்தால் முதலில் வரும் வாசகம் அநேகமாக அச்சடித்ததுபோல் இருக்கும்: லேசான மயக்கம், அனைவரும் நலம், விசாரணை நடைபெறுகிறது. அந்த மூன்று வாக்கியத்துக்குள் அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் பல்லி விழுந்த கதை ஐந்து விதமாகச் சுற்றிவந்திருக்கும். எந்தப் பள்ளி, எத்தனை பிள்ளைகள், எந்த மருத்துவமனை, உணவு மாதிரி பரிசோதனைக்குப் போனதா, நாளை காலை அங்கே சாப்பாடு உண்டா இல்லையா? இந்த ஐந்துக்கும் பதில் சொன்னால் பீதி பாதி அடங்கும். தெரியாததை 'இன்னும் தெரியவில்லை, மாலை ஆறு மணிக்குச் சொல்கிறோம்' என்று எழுதினால் மீதியும் அடங்கும். ஆறு மணிக்கு மறக்காமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

சொல்பவரையே அடக்கப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு 2019 ஆகஸ்ட் மிர்சாபூர் உதாரணம். உத்தரப் பிரதேசத்தில் அந்த மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் ரொட்டிக்கு உப்பைத் தொட்டுச் சாப்பிட்டதை ஒரு உள்ளூர்ச் செய்தியாளர் படம் பிடித்தார். நிர்வாகம் அவர்மீதே வழக்குப் போட்டது. நாடே அந்த வீடியோவைப் பார்த்தது. சில மாதங்களில் போலீஸ் அவரை வழக்கிலிருந்து விடுவித்தது. உப்பும் ரொட்டியும் எல்லார் நினைவிலும் தங்கிவிட்டன.

இப்படி எழுதினால்?

குறை சொல்பவன் எழுதிக் காட்ட வேண்டும். கீழே ஒரு மாதிரி. ஊரும் எண்ணும் காலியாக இருக்கின்றன, நிரப்பிக்கொள்ளலாம்.

*"வரும் செவ்வாய் முதல் … நகரில் உள்ள அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவு உண்டு. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளும் சாப்பிடலாம். விண்ணப்பம் வேண்டாம், பணம் வேண்டாம். பிள்ளை எட்டேகால் மணிக்குள் பள்ளிக்கு வந்தால் போதும். காலையில் சாப்பிட்ட பிள்ளைக்கு மதியச் சாப்பாடும் முட்டையும் வழக்கம்போல் உண்டு. சமைப்பவர்கள் அந்தந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் தாய்மார்கள். ஆசிரியர் சாப்பிட்டுப் பார்த்த பிறகே பரிமாறுவார்கள். குறை இருந்தால் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். அவர் கவனிக்காவிட்டால் இந்த எண்ணில் கூப்பிடுங்கள்: … பள்ளிகளின் பட்டியல் கீழே. திட்டத்தை மாண்புமிகு … அவர்கள் … பள்ளியில் தொடங்கிவைக்கிறார்."*

மாண்புமிகுவை நீக்கச் சொல்லவில்லை. கடைசி வரிக்கு இறங்கியிருக்கிறார், அவ்வளவே. 'மதியச் சாப்பாடும் உண்டு' என்ற வரியைத் தூக்கிவிடலாம் என்று யாருக்காவது தோன்றலாம், தூக்கக் கூடாது. காலையில் போட்டுவிட்டு மதியம் நிறுத்திவிடுவார்கள் என்ற வதந்திக்கு அதுதான் மருந்து. உதவி ஆசிரியருக்கும் இதில் லாபம். அப்படியே எடுத்துப் போடலாம், அவருடைய ஊர்ப் பள்ளிப் பட்டியல் வேறு சேர்ந்து வருகிறது. யுனிகோடில் அனுப்பினால் உங்களை வாழ்த்துவார்.

பிள்ளைகள் என்ன பேசுகிறார்கள் என்பதையும் வெளியீடு எழுதுபவர் காதில் வாங்க வேண்டும். காலை உணவுப் பட்டியலில் உப்புமா வந்த நாட்களில் தட்டில் மிச்சம் அதிகம் என்பது சமைப்பவர்களுக்குத் தெரிந்த ரகசியம். 2025 ஏப்ரலில் அமைச்சர் கீதா ஜீவன் சட்டமன்றத்தில் உப்புமாவுக்குப் பதில் பொங்கலும் சாம்பாரும் தரப்படும் என்று அறிவித்தார். அந்தச் செய்திக்குத் தலைப்பு வைக்க எந்த டெஸ்க்கும் திணறியிருக்காது. தட்டில் என்ன மாறுகிறது என்பதுதானே வீட்டில் எல்லாரும் கேட்பது.

சுவரில் இருக்க வேண்டியது

எல்லாப் பெற்றோரும் நாளிதழ் வாங்குவதில்லை. அதற்கும் வழி இருக்கிறது. மதிய உணவுத் திட்டத்துக்கான 2006ஆம் ஆண்டு தேசிய வழிகாட்டு நெறிகள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி, ஒவ்வொரு பள்ளியும் தானாகவே வெளியில் எழுதிவைக்க வேண்டியவற்றைப் பட்டியலிடுகின்றன: வந்த தானியம் எவ்வளவு, எந்தத் தேதியில் வந்தது, செலவானது எவ்வளவு, மற்ற பொருட்கள் என்ன, இன்று எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள், இன்றைய உணவு என்ன. நம் பள்ளிகளில் உணவுப் பட்டியல் சுவரில் பெரும்பாலும் இருக்கும். மற்ற கட்டங்களைத் தேட வேண்டியிருக்கும்.

சுவரிலும் இல்லாத, எந்த வெளியீட்டிலும் வராத ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 2015ஆம் ஆண்டு மதிய உணவு விதிகளின்படி, பள்ளி நாளில் தானியம் இல்லை, ஆள் இல்லை, எரிபொருள் இல்லை என்று மதியச் சாப்பாடு போடப்படாவிட்டால், ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிய தானியத்தையும் சமையல் செலவுப் பணத்தையும் உணவுப் பாதுகாப்புப் படியாக மாநில அரசு அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். தொடர்ந்து மூன்று நாளோ மாதத்தில் ஐந்து நாளோ சாப்பாடு நின்றால், யார் பொறுப்பு என்றும் முடிவு செய்ய வேண்டும். இது சட்டம், இருபத்தைந்து சொல்லில் எழுதிவிடலாம். இதைப் பெற்றோருக்குச் சொல்லும் ஒரு செய்தி வெளியீடு இதுவரை என் மேஜைக்கு வந்ததில்லை.